பெயர் கேயாஸ், இயக்கம் ஊழ்: ‘தசாவதாரம்’ திரைப்படத்தில் அறிவியற் கோட்பாடும் தொழில்நுட்பப் பேராவலும்

ஆய்வுச் சுருக்கம்

கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில், கமல்ஹாசனின் கதை, திரைக்கதை, உரையாடலுடன் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘தசாவதாரம்’, கேயாஸ் கோட்பாட்டைத் தன் கதையின் அடிப்படையாகப் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்ட தமிழ்த் திரைப்படமாகும். அறிவிக்கப்பட்ட அக்கோட்பாட்டிற்கும் கதை இயங்கும் முறைக்கும் இடையிலுள்ள விலகலை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தின் கதைப்பின்னல் தமிழ் இலக்கிய மரபு நன்கறிந்த ஊழின் வழியே இயங்குகிறது என்பதும், சிறு வேறுபாடுகளின் வலிமையைப் பேசும் கோட்பாட்டை முகத்தின் சிறு வேறுபாடுகளை மூடிவிடும் ஒப்பனைத் தொழில்நுட்பம் மறுதலிக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தாராபுரத்தில் பிறந்த நடிகர் நாகேஷ் இப்படத்தில் ஏற்ற சிறு வேடம் ஒப்பீட்டுப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தசாவதாரம், கேயாஸ் கோட்பாடு, ஊழ், பல்வேட நடிப்பு, ஒப்பனை, நாகேஷ், கமல்ஹாசன்.

முன்னுரை

‘தசாவதாரம்’ 2008 சூன் 13 அன்று திரைக்கு வந்தது. கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்தது, அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரின் செயற்கைத் தோல் ஒப்பனை, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காட்சிகள், கணினி வரைகலையில் உருவான ஆழிப்பேரலை ஆகியவை அன்று பெரிதும் பேசப்பட்டன. படம் குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி இரு திசைகளில் பிரிந்தது. ஒரு சாரார் பத்து வேடங்களின் தரத்தை மதிப்பிட்டனர். மற்றொரு சாரார் சைவ, வைணவப் பூசல், சாதி, நாத்திகம் ஆகியன படத்தில் கையாளப்பட்ட முறையை விவாதித்தனர். படம் தானே முன்வைத்த அறிவியற் கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்டு படத்தை அளந்து பார்க்கும் முயற்சி ஒப்பீட்டளவில் குறைவு. கோட்பாட்டைப் பெயரளவில் ஏற்று, ‘எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது’ என்று பொருளுரைத்துக் கடந்து செல்வதே வழக்கமாக உள்ளது.

இப்பொருளுரை சரியானதா என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. சரியன்று எனில், படம் உண்மையில் எந்தக் கோட்பாட்டின்படி இயங்குகிறது என்பது இரண்டாவது வினா. அக்கோட்பாட்டிற்கும் படத்தின் தொழில்நுட்பப் பேராவலுக்கும் உள்ள உறவு யாது என்பது மூன்றாவது வினா.

1. கோட்பாடும் அதன் தமிழ்ப் பெயரும்

கேயாஸ் கோட்பாட்டின் முன்னோடிக் கருத்துகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று வான்பொருள்களின் இயக்கச் சிக்கலை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலார் ஆன்றி பாயின்காரேயிடம் காணப்படுகின்றன. இன்று பரவலாக அறியப்படும் வடிவில் அதனை முன்வைத்தவர் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லொரென்ஸ். 1961இல் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எளிய வானிலை மாதிரி ஒன்றைக் கணினியில் இயக்கிவந்தார். முன்னரே கிடைத்த ஒரு கணக்கீட்டை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பி, அச்சுத் தாளிலிருந்த எண்ணை உள்ளிட்டார். கணினியின் நினைவகத்தில் அவ்வெண் 0.506127, அச்சில் இருந்ததோ சுருக்கப்பட்ட 0.506. பத்தாயிரத்தில் சில பங்கே வேறுபட்ட இவ்விரு தொடக்கங்களிலிருந்து கிளைத்த வானிலைகள் சிறிது காலம் ஒன்றுபோலவே சென்று, பின்னர் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை ஆயின. இதன் கணித விளக்கம் 1963இல் வெளிவந்தது. பிரேசிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பது டெக்சாசில் சுழற்காற்றை உண்டாக்குமா என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்ட அவரது சொற்பொழிவு 1972இல் நிகழ்ந்தது. லொரென்ஸ் காலமான நாள் 2008 ஏப்ரல் 16. அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் ‘தசாவதாரம்’ வெளியாயிற்று.

கோட்பாட்டின் சாரத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் எண்ணை எடுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்து வரும் எண்ணால் பெருக்கி, கிடைப்பதை நான்கு மடங்காக்க வேண்டும். வரும் விடையை மீண்டும் அதே விதிக்கு உட்படுத்த வேண்டும். 0.200 என்று தொடங்கினால் எட்டாவது படியில் 0.402 கிடைக்கும். 0.201 என்று தொடங்கினால் அதே எட்டாவது படியில் 0.129 கிடைக்கும். விதியில் தற்செயல் ஏதுமில்லை. ஒவ்வொரு படியும் முன்படியால் முற்றாக நிருணயிக்கப்படுகிறது. ஆயினும் தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த வேறுபாடு எட்டே படிகளில் இருநூற்றெழுபது மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது.

இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கேயாஸ் என்பது விதியற்ற நிலையன்று. விதிக்கு முற்றும் உட்பட்ட இயக்கத்திலேயே முன்கணிப்பு இயலாமற்போவது. இரண்டாவது, அது ஒப்பீட்டால் மட்டுமே புலப்படுவது. லொரென்ஸின் கண்டுபிடிப்பு இரண்டு ஓட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்ததால் விளைந்தது. ஒற்றை ஓட்டத்தை எவ்வளவு நேரம் நோக்கினாலும் தொடக்கச் சார்பு தெரிய வராது. மூன்றாவது, அதற்கு நோக்கம் கிடையாது. ஒரு சிறகடிப்பு சுழற்காற்றை உண்டாக்கக்கூடுமெனில் அது சுழற்காற்றைத் தடுக்கவும் கூடும் என்பதையும், எண்ணற்ற பிற சிறகடிப்புகளுக்கும் அதே ஆற்றல் உண்டு என்பதையும் லொரென்ஸ் அச்சொற்பொழிவிலேயே சுட்டியுள்ளார். ஆகவே, புயல் வீசி முடிந்தபின் ஒரு குறிப்பிட்ட வண்ணத்துப்பூச்சியைக் காட்டி அதனையே காரணம் என்று கூறுவதற்குக் கோட்பாடு இடந்தருவதில்லை.

தமிழில் இதற்கு ‘ஒழுங்கின்மைக் கோட்பாடு’, ‘குழப்பக் கோட்பாடு’ என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டுமே முதற்கூறை மறைத்துவிடுகின்றன. ஒழுங்கான விதியிலிருந்து பிறக்கும் கணிக்கவியலாமையை ‘ஒழுங்கின்மை’ என்றழைக்கும்போது, கோட்பாடு தற்செயலைப் பற்றியது என்ற மயக்கம் எழுகிறது. இம்மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு, படமும் மக்களும் வழங்கும் ‘கேயாஸ்’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

2. கதைப்பின்னலின் இயக்கம்

படத்தின் தொடக்கவுரையில் கேயாஸ் கோட்பாடும் வண்ணத்துப்பூச்சி விளைவும் குறிக்கப்படுகின்றன. தொடர்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் தில்லையிலிருந்த கோவிந்தராசர் திருமேனியை அகற்றிக் கடலில் எறிவித்ததும், அதனோடு பிணைக்கப்பட்ட ரங்கராஜ நம்பி மூழ்கடிக்கப்பட்டதும் காட்டப்படுகின்றன. திருமேனி அகற்றப்பட்டமைக்கு ஒட்டக்கூத்தர் பாடல்களிலும் வைணவ மரபிலும் குறிப்புகள் உண்டு. நம்பி படத்தின் படைப்பு. பின்னர்க் கதை 2004 திசம்பருக்குத் தாவுகிறது. அமெரிக்க ஆய்வகமொன்றில் பணியாற்றும் கோவிந்த், பேரழிவை விளைவிக்கவல்ல கிருமி தவறானவர் கைக்குப் போகாதவாறு அதைக் காக்க முற்படுகிறான். கிருமிக்குப்பி அஞ்சல் பொதியாகிச் சிதம்பரத்துக்கு வருகிறது. கிருஷ்ணவேணிப் பாட்டியின் கையால் பெருமாள் திருமேனிக்குள் சேர்கிறது. அதைத் தேடிக் கிறிஸ்டியன் ஃபிளெட்சர் துரத்துகிறான். இறுதியில் ஃபிளெட்சர் கிருமியை விழுங்க, திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறி, தன் உப்புநீரால் கிருமியை அழிக்கிறது. உப்பே அக்கிருமிக்கு மாற்று என்பது படத்தின் முற்பகுதியிலேயே நிறுவப்பட்டுவிடுகிறது.

இந்நிகழ்ச்சிகளுள் வீணாகும் ஒன்றைக் காண்பது அரிது. பாடகர் அவதார் சிங்கின் தொண்டையில் புற்றுநோய்; அவர்மீது பாயும் குண்டு நோயுற்ற பகுதியையே அகற்றிச் செல்கிறது. கலிஃபுல்லாவின் குடும்பத்தார் விசாரணைக்காக வீட்டிலிருந்து அகற்றப்படுகின்றனர். அதனாலேயே அலையிலிருந்து தப்புகின்றனர். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் கடலில் எறியப்பட்ட திருமேனி அலையால் கரை சேர்கிறது. தீமை ஒவ்வொன்றும் பின்னர் ஒரு நன்மையாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு எழுதப்பட்டுக் கணக்கு நேராகிறது.

திருப்பூர், தாராபுரம் வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் இவ்வியக்கத்தை விளக்கலாம். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த வரிசை ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். விளைவு பெரிது; காரணம் சிறிது. ஆயினும் அது கேயாஸ் ஆகாது. பிரிவு எங்குத் தொடங்கியது, எவ்வழியே செல்லும் என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். அடுத்து எது பிரியும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். ‘தசாவதார’த்தின் குப்பி இவ்வாறே கைமாறுகிறது. அதன் பயணம் ஒரே நூலில் நிகழும் தொடர்வினை. சிறு காரணத்தால் பெருவிளைவு என்ற ஒற்றைப் புறவொற்றுமையைக் கொண்டு அதனைக் கேயாஸ் என்று அழைக்க இயலாது.

இக்கதையியக்கத்துக்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு. அது ஊழ். சிலப்பதிகாரத்தில் ஒரு சிலம்பு கோவலனின் கொலைக்கும் மதுரையின் எரிப்புக்கும் கருவியாகிறது. முற்பிறப்பின் வினையொன்று அதன் அடிப்படைக் காரணமாகப் பின்னர் எடுத்துரைக்கப்படுகிறது. நிகழ்ந்தவை யாவும் முடிந்தபின் திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் பொருளும் அளிப்பதே ஊழின் எடுத்துரைப்பு முறை. கணியன் பூங்குன்றனார் காட்டும் ஆற்றுநீர்வழிப் படும் புணையும் இம்மரபினதே. ஆனால் அங்குப் புணை எத்துறை சேரும் என்பது சொல்லப்படவில்லை. தாம் சிறந்தோர் என்று பெரியோரை வியவாமையும் எளியோரை இகழாமையுமே அதன் பயனாக வலியுறுத்தப்படுகின்றன. ‘தசாவதாரம்’ இம்மரபின் முதற்பாதியைக் கையாள்கிறது. எல்லாம் முடிந்தபின் எல்லாவற்றுக்கும் காரணம் காண்கிறது. அக்காரணத்துக்கு அறிவியலின் பெயரைச் சூட்டுகிறது.

3. ஆழிப்பேரலையும் அறச்சிக்கலும்

பெயர் மாற்றம் மட்டுமே நிகழ்ந்திருந்தால் இதனைச் சொல்லாட்சிப் பிழையென விட்டுவிடலாம். கதை உண்மையான ஒரு பேரழிவைத் தன் தீர்வாகக் கொள்வதால் வினா அறம் சார்ந்ததாகிறது. 2004 திசம்பர் 26 காலை, சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின்கீழ் அமிழும் எல்லையில் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த இறுக்கம், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்து விடுபட்டது. பல நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் இறந்தோர் 8,000 பேர் அளவினர். அவருள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இறந்தோருள் மீனவக் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர்.

இவ்வலையைக் கிருமியழிப்பின் கருவியாகக் கதை ஆக்கும்போது, இறந்தோர் ஒரு கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதப்படுகின்றனர். அவர்களது சாவு எதற்காகவோ நிகழ்ந்ததாகிறது. கேயாஸ் கோட்பாட்டை அதன் மெய்ப்பொருளில் கையாண்டிருந்தால் இந்நிலை நேர்ந்திராது. நோக்கமற்ற இயற்கையில் பேரழிவுக்குக் காரணம் உண்டு, நியாயம் கிடையாது. காரணத்தையும் நியாயத்தையும் ஒன்றாக்குவது ஊழின் இயல்பு.

இச்சிக்கலைப் படம் உணர்ந்தே இருக்கிறது. இறுதியில் ஆண்டாள் இறைவனின் திருவுள்ளத்தைக் காண்கிறாள். கோவிந்த் அதனை ஏற்கத் தயங்குகிறான். ஆயினும் அத்தயக்கம் உரையாடலின் அளவிலேயே நிற்கிறது. கோவிந்தின் வாய் ஐயத்தைப் பேச, கதையின் கட்டமைப்பு ஆண்டாளின் நம்பிக்கையையே மெய்ப்பிக்கிறது. திருமேனி கரையேறியபின் பகுத்தறிவாளனின் வாதம் எவ்வளவு கூர்மையாயினும் காட்சி அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. படைப்பாளியின் கொள்கைக்கும் படைப்பின் கட்டமைப்புக்கும் இடையே இத்தகைய முரண் தமிழ்த் திரையில் இவ்வளவு தெளிவாக வெளிப்பட்ட இடங்கள் மிகச் சில.

4. பெயர் சூட்டாத கேயாஸ்

தொடக்கச் சார்பு என்னும் கருத்தைத் தமிழ்த் திரைப்படம் கையாள இயலாதா என்னும் வினா எழலாம். இயலும் என்பதற்கு, கோட்பாட்டின் பெயரை முழங்காத இரு படங்கள் சான்று.

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கிரேசி மோகன் உரையாடல் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990இல் வெளிவந்தது. ஒரே பிறப்பில் தோன்றிய நான்கு ஆண்மக்கள் பிரிக்கப்பட்டு, நான்கு வெவ்வேறு கைகளில் வளர்கின்றனர். ஒருவன் குற்றவாளியாகவும், ஒருவன் செல்வனாகவும், ஒருவன் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரனாகவும், ஒருவன் தீயணைப்பு வீரனாகவும் ஆகின்றனர். உருவத்தால் வேறுபாடற்ற நால்வரின் வாழ்வுத் தடங்கள் தொடக்கத்தில் நேர்ந்த சிறு மாற்றத்தால் அறவே விலகுகின்றன. லொரென்ஸ் இரண்டு அச்சுத் தாள்களை அருகருகே வைத்தாற்போல, இப்படம் நான்கு ஓட்டங்களை அருகருகே வைக்கிறது. ஆள்மாறாட்டத்தால் எழும் நகைச்சுவை, சிறு பிழையொன்று கணிக்கவியலாத நிலைகளுக்கு இட்டுச் செல்வதன் மேலேயே அமைந்துள்ளது. அங்கு எவர் வீட்டில் எவர் நுழைவார் என்பதற்கு நோக்கமும் இல்லை, நீதியும் இல்லை.

ஜீவா இயக்கிய ‘12பி’ 2001இல் வெளிவந்தது. ஒருவன் பேருந்தைப் பிடித்துவிட்டால் ஒரு வாழ்வு, தவறவிட்டால் மற்றொரு வாழ்வு என இரு தடங்களும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. இதுவும் ஒப்பீட்டின் அடிப்படையில் அமைந்ததே. சில நொடிகளின் வேறுபாடே இங்குத் தொடக்க நிலை.

இவற்றோடு ஒப்பிடுகையில் ‘தசாவதார’த்தின் குறைபாடு தெளிவாகிறது. அதில் ஓட்டம் ஒன்றே. திருமேனி கடலில் எறியப்படாத மற்றொரு வரலாறும், குப்பி அஞ்சலில் சேராத மற்றொரு நாளும் பார்வையாளர்முன் வைக்கப்படவில்லை. இரண்டாவது ஓட்டம் இல்லாதவிடத்துத் தொடக்கச் சார்பு உரையில் சொல்லப்படலாம். காட்சியில் நிறுவப்பட இயலாது.

5. பத்து முகங்கள்: தொழில்நுட்பத்தின் தருக்கம்

தமிழ்த் திரையில் பல்வேட நடிப்புக்கு நெடிய மரபு உண்டு. ஏ.பி. நாகராசன் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்கள் ஏற்றார். நடை, குரல், உடல்மொழி ஆகியவற்றால் ஒன்பதும் வேறுபடுத்தப்பட்டன. முகத்தை முற்றாக மாற்றும் தொழில்நுட்பம் அன்று இல்லை, தேவைப்படவும் இல்லை. 1996இல் ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ ஆகிய படங்களில் கமல்ஹாசன் வெஸ்ட்மோரின் ஒப்பனையைப் பயன்படுத்தினார். அவற்றில் ஒரு படத்துக்கு ஒரு முகம் என்னும் அளவு இருந்ததால், முகமூடிக்குப் பழகி அதனூடே நடிக்க நடிகருக்கும், அதை மறந்து பாத்திரத்தைக் காணப் பார்வையாளருக்கும் நேரம் கிட்டியது. ‘தசாவதாரம்’ ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் பத்து முகங்களை அடுக்குகிறது.

இப்பத்தில் நிலைபெற்றவை எவை என்று நோக்கினால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. தெலுங்கு வாடையுடன் தமிழ் பேசும் உளவுத்துறை அதிகாரி பலராம் நாயுடுவும், நாஞ்சில் வட்டார வழக்குப் பேசும் வின்சென்ட் பூவராகனும் பார்வையாளர் நினைவில் தங்கினர். இருவரும் பெரிதும் மொழியால் படைக்கப்பட்டவர்கள். கிறிஸ்டியன் ஃபிளெட்சர், ஜார்ஜ் புஷ், கலிஃபுல்லா, நரஹாஷி ஆகியோர் பெரிதும் செயற்கைத் தோலால் படைக்கப்பட்டவர்கள். இவர்களிடம் புருவத்தின் அசைவும் கன்னத்தின் துடிப்பும் ஒப்பனையின் தடிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. உணர்ச்சியின் நுண்ணிய படிநிலைகள் மறைந்து, பெரிய சைகைகளே வெளிவருகின்றன.

கோட்பாட்டிற்கும் தொழில்நுட்பத்திற்கும் இடையிலான முரண் இங்குதான் ஆழமாகிறது. மிகச் சிறிய வேறுபாடுகளே பெருவிளைவுகளுக்கு வித்து என்று படம் அறிவிக்கிறது. நடிப்புக்கலையில் அத்தகைய சிறு வேறுபாடுகள் வாழுமிடம் முகம். அம்முகத்தைப் படத்தின் பேராவல் மூடிவிடுகிறது. மேலும், ஒரே நடிகர் பல உருவில் ஒரே சட்டகத்துள் தோன்றும் காட்சிகளில், ஒவ்வோர் அசைவும் நோக்கும் மறுபாதியோடு பொருந்துமாறு முன்னரே அளக்கப்பட வேண்டும். சிறு பிசகும் கூட்டுக்காட்சியைக் கெடுத்துவிடும். எதிர்பாராத ஒன்று நிகழ்வதற்குப் படப்பிடிப்பில் இடமே இல்லாத வகையில் இத்தொழில்நுட்பம் அமைந்துள்ளது. கதையில் ஊழ் எதைச் செய்கிறதோ அதையே படப்பிடிப்பில் தொழில்நுட்பம் செய்கிறது. இரண்டும் தற்செயலை அடியோடு விலக்குகின்றன.

இதற்கு விலக்கான காட்சி ஒன்று உண்டு. மணற்கொள்ளையை எதிர்த்துப் போராடிய தலித் இளைஞன் பூவராகன், தன் எதிரியின் குழந்தைகளைக் காப்பாற்றி அலையில் உயிர் விடுகிறான். அவன் உடலைத் தன் மகனின் உடலாக எண்ணிப் பிராமணக் கிழவி கிருஷ்ணவேணி அணைத்து அழுகிறாள். இருவரும் கமல்ஹாசனே. ஒரே முகம் இரு சாதிகளுக்குரியதாகி, ஒன்று மற்றொன்றின்மீது கண்ணீர் விடும் இவ்விடத்தில் பல்வேட உத்தி பொருள் பெறுகிறது. பூவராகனுக்குக் கருமை பூசியது விவாதத்துக்குரியதாயினும், பிறப்பு என்னும் தொடக்க நிலை தவிர வேறெதுவும் இவ்விருவரையும் பிரிக்கவில்லை என்பதைச் சொல்லின்றிக் காட்டும் காட்சி இது. குப்பியின் கதைக்கு இது எவ்வகையிலும் உதவுவதில்லை. கணக்கில் சேராத இத்துயரமே படம் தன் கோட்பாட்டுக்கு மிக அணுகி வரும் இடம்.

6. தாராபுரத்து முகம்

படத்தில் கலிஃபுல்லாவின் தந்தை ஷேக் முக்தாராக நாகேஷ் நடித்துள்ளார். மிகச் சில காட்சிகளே கொண்ட வேடம். 1933இல் தாராபுரத்தில் பிறந்து, ரயில்வே எழுத்தராகச் சென்னையில் பணியாற்றி, நாடக மேடைவழித் திரைக்கு வந்த அவர், 2009 சனவரி 31 அன்று காலமானார். அவர் வாழ்நாளின் இறுதிப் படங்களுள் ‘தசாவதாரம்’ ஒன்று.

அம்மைத் தழும்புகள் நிறைந்த முகம் அவருடையது. ஒப்பனையால் மாற்றவியலாத அம்முகத்தையே அவர் கருவியாக்கிக்கொண்டார். 1964இன் ‘சர்வர் சுந்தரம்’, 1965இன் ‘திருவிளையாடல்’ தருமி, 1968இன் ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி ஆகிய மூன்றுக்கும் முகம் ஒன்றே. வேறுபாடு கண்ணின் விரிவிலும் உதட்டின் ஓரத்திலும் நடையின் துள்ளலிலும் மட்டுமே உண்டு. தருமி மண்டபத்தில் தனித்துப் புலம்பும்போதும் வைத்தி பிறர் குடியைக் கெடுக்கும் சூழ்ச்சியில் புன்னகைக்கும்போதும் அதே தசைகள் இயங்குகின்றன. அளவு மட்டும் சிறிது மாறுகிறது. அச்சிறு மாற்றம் பார்வையாளர் உள்ளத்தில் இரக்கமாகவும் அருவருப்பாகவும் பெருகி விரிகிறது. தொடக்கச் சார்பு நடிப்பில் எவ்வாறு இயங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது.

கமல்ஹாசனின் படங்களில் நாகேஷ் ஏற்ற வேடங்கள் இவ்வாய்வுக்குத் தனிப்பொருத்தம் உடையவை. ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) கொடியவர், ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பணத்தைக் கையாடும் அவிநாசி, ‘மகளிர் மட்டு’மில் (1994) உயிரற்ற உடல், ‘நம்மவ’ரில் (1994) மகளை இழந்த தந்தை. இறுதியாகச் சொன்ன வேடம் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ‘அவ்வை சண்முகி’யிலோ அவர் ஏற்றது, நாயகனைப் பெண்ணாக மாற்றும் ஒப்பனைக் கலைஞர் ஜோசப்பின் வேடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், ஒப்பனையே நாயகனாகிவிட்ட படத்தில், அதே நாகேஷ் தன் முகத்தோடு வந்து நிற்கிறார்.

கலிஃபுல்லாவும் அவன் தந்தையும் இணைந்து தோன்றும் காட்சிகளில் இரு நடிப்பு முறைகள் ஒரே சட்டகத்துள் வைக்கப்படுகின்றன. மகனின் பேருருவம் தொழில்நுட்பத்தின் சாதனை; அதன் அளவே முதலில் கண்ணில் படுகிறது, பாத்திரம் அதன்பின்னரே. தந்தையின் முகத்தில் முதுமையும் அச்சமும் மகன்மீதான பரிவும் ஒன்றையொன்று தொட்டு மாறுவதைப் பார்வையாளர் தடையின்றிக் காண்கின்றனர். பத்து முகங்களைச் சமைக்க ஆன உழைப்புக்கு முன், சமைக்கப்படாத ஒரு முகம் தன்னியல்பில் நிற்கும் இக்காட்சிகள் படத்தின் பேராவலுக்கு உள்ளிருந்தே எழும் மறுமொழியாகின்றன.

தாராபுரத்தில் பிறந்ததும் அம்மை வடு பெற்றதும்தான் நாகேஷை உருவாக்கின என்று கூறத் தோன்றலாம். அவ்வாறு கூறுவது இக்கட்டுரை படத்தின்மேல் சுமத்தும் குற்றத்தையே தானும் செய்வதாகும். அம்மை கண்டோர் அக்காலத்தில் எண்ணற்றோர். நடிகரானோர் மிகச் சிலர். முடிவிலிருந்து திரும்பி வந்து ஒரு வடுவை விதையாகக் காட்டுவது ஊழின் கணக்கு. கேயாஸின் பார்வையில், அவ்வடு எண்ணற்ற தொடக்க நிலைகளுள் ஒன்று என்று மட்டுமே சொல்ல இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

1. ‘தசாவதாரம்’ அறிவிக்கும் கேயாஸ் கோட்பாடு அதன் கதைப்பின்னலில் செயற்படவில்லை. ஒப்பிடத்தக்க இரண்டாவது ஓட்டம் கதையில் இல்லை. நிகழ்ச்சிகளுக்கு நோக்கம் கற்பிக்கப்படுகிறது. அது ஊழின் இயக்கமாகும்.

2. ஊழின் கட்டமைப்பில் ஆழிப்பேரலையைத் தீர்வாக வைத்ததால், மெய்யான சாவுகளுக்கு நியாயம் கற்பிக்கும் நிலைக்குப் படம் தள்ளப்படுகிறது. கோவிந்தின் பகுத்தறிவு வாதம் இதனை ஈடுசெய்யவில்லை.

3. கோட்பாட்டின் பெயரைச் சொல்லாத ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘12பி’ ஆகியவை அதன் உள்ளியல்புக்கு மேலும் அணுக்கமானவை.

4. ஒப்பனைத் தொழில்நுட்பம் முகத்தின் சிறு வேறுபாடுகளை மறைப்பதால் கோட்பாட்டுக்கு மாறாகச் செயற்படுகிறது. பூவராகன், கிருஷ்ணவேணிக் காட்சி இதற்கு விலக்கு. நாகேஷின் ஒப்பனையற்ற முகம் இம்முரணை வெளிப்படுத்தும் அளவுகோலாக அமைகிறது.

இவற்றால் படத்தின் முயற்சி சிறுமையுறுவதில்லை. வெகுமக்கள் திரைப்படமொன்று, தன் நூற்றாண்டின் கடினமான அறிவியற் கருத்தொன்றைக் கதைக்களமாக்கத் துணிந்தது பாராட்டுக்குரியது. அத்துணிவை ஆராயத்தக்கதாகக் கருதுவதே அதற்குச் செய்யும் மதிப்பு. அறிவியற் கலைச்சொற்களைத் தாங்கி வரும் தமிழ்ப் புனைவுகளும் திரைப்படங்களும் பெருகிவரும் இந்நாளில், அச்சொல் கதையில் அலங்காரமாக நிற்கிறதா, கதையை இயக்குகிறதா என்று வினவும் திறனாய்வு முறை தேவைப்படுகிறது. கேயாஸைப் பொறுத்தவரை அதற்கு இரு வினாக்கள் போதும்: வேறு விதமாகவும் நிகழ்ந்திருக்கும் என்பதைக் கதை காட்டுகிறதா? எதற்காகவும் நிகழாத ஒன்றுக்கு அதில் இடம் இருக்கிறதா?